அழிக்க வேண்டிய குரல்

பேருந்து நிலையத்தில் அவளுக்கு ‘அறிவிப்பு’ என்று பெயர். பெற்றவள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது, அதோடு சரி. “அறிவிப்பு சாப்பிட்டாச்சா?”, “அறிவிப்புக்கு இன்னைக்கு ஜலதோஷம் போல” என்றுதான் ஓட்டுநர்களும் நடத்துநர்களும் பேசிக்கொள்வார்கள். மாடியில் கண்ணாடி போட்ட சின்ன அறை. ஒரு நாற்காலி, ஒரு மேஜை, எதைக் கேட்டாலும் முடியாது என்பது மாதிரி தலையாட்டும் ஒரு மின்விசிறி, ஒரு மைக். மைக்கின் கழுத்தில் ஒரு பொத்தான். அதை அழுத்திக்கொண்டிருக்கும் வரை நிலையம் முழுக்கக் கேட்கும், விரலை எடுத்தால் நின்றுவிடும். எந்தப் பேருந்து எந்த நடைமேடையிலிருந்து கிளம்பும் என்று நாள் முழுக்கச் சொல்வது அவள் வேலை. ஊரையே அனுப்பிவைத்தவள் தான் மட்டும் எங்கும் போனதில்லை.

காரணம், வீட்டில் அம்மா. ஒரு காலத்தில் தொலைபேசி நிலையத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊருக்கே இணைப்புக் கொடுத்தவள். ஒருவர் ‘ஹலோ’ என்று சொன்னாலே, ஆள் யார், வயிறு காய்கிறதா, வீட்டில் சண்டையா என்று சொல்லிவிடுவாள். அவளைப் பக்கவாதம் ஒரு பக்கமாக அடித்துப் போட்டது. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. அதைத் தொட நோய்க்கே பயம் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். சில மணி நேரத்துக்கு ஒரு முறை அவளைப் பக்கம் மாற்றிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். பகலென்றும் ராத்திரியென்றும் அதற்குக் கிடையாது. தோளுக்கடியில் ஒரு கை, இடுப்புக்கடியில் ஒரு கை, மூச்சைப் பிடித்து ஒரே தூக்கு. பல வருடமாக அதைச் செய்து செய்து அறிவிப்புக்கு முதுகே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. நடுவில் கல்யாணப் பேச்சு வந்தது. வந்தவர்கள் கட்டிலைப் பார்த்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். இன்னும் அனுப்பவில்லை.

அந்த வீட்டில் ஒரே ஒரு சொல்லுக்குத் தடை இருந்தது. வாசலைத் தாண்டுகிறவர் ‘போறேன்’ என்று சொல்லக்கூடாது, ‘போயிட்டு வரேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். அனுப்புகிறவரும் ‘போ’ என்று சொல்லக்கூடாது, ‘போயிட்டு வா’தான். வாய் தவறி யாராவது சொல்லிவிட்டால் அம்மா படுத்த இடத்திலிருந்தே கத்துவாள். “போறியா? எங்க, ஒரேயடியாவா?” என்பாள். தபால்காரர்கூட அந்த வாசலில் நின்று, “போயிட்டு வரேம்மா” என்று சொல்லிவிட்டுத்தான் சைக்கிளை மிதிப்பார்.

தம்பி வேறு வகை. கெட்டிக்காரன் என்று அம்மாவிடம் பட்டம் வாங்கியவன். கிட்டார் வாசிப்பான். நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ப்ளூஸ்-ராக் குழு ஒன்று நடத்தினான். ஞாயிற்றுக்கிழமை வருவான், அம்மாவின் காலடியில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிடுவான், ஊர்க்கதை சொல்லிச் சிரிக்க வைப்பான், சாப்பிடுவான், கிளம்பிவிடுவான். அவன் போன பிறகு அம்மாவின் முகம் சாயங்காலம் வரைக்கும் மலர்ந்தே இருக்கும். துணியை மாற்றி, உடம்பைத் துடைத்து, கரண்டியில் தண்ணீர் புகட்டுகிறவளுக்கு அந்த முகம் கிடைக்காது. என்ன செய்வது, விருந்தாளிக்குக் கிடைக்கிற சிரிப்பு வீட்டு ஆளுக்குக் கிடைப்பதில்லை.

“ப்ளூஸ்னா என்னடா?” என்று அவள் ஒரு நாள் கேட்டாள்.

“மனசுல இருக்கிற கஷ்டத்தைச் சொல்றது, அக்கா. ஒரு வரி சொல்லணும். அதையே திரும்பச் சொல்லணும். மூணாவது வரியில போட்டு உடைக்கணும். நடுவுல கொஞ்சம் எடம் விட்டா, அங்க கிட்டார் பதில் சொல்லும்.”

“சரி, ராக் எதுக்கு?”

“அது அக்கம்பக்கத்துக்கும் கேக்கறதுக்கு.”

அக்கம்பக்கத்துக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. முதல் ஆல்பத்தை உறவுக்காரர்கள் வாங்கினார்கள். இரண்டாவதை அவர்களும் வாங்கவில்லை. மூன்றாவதும் படுத்துவிட்டால் குழுவைக் கலைத்துவிட்டு ஆளுக்கொரு வேலை தேடுவது என்று பேசி வைத்திருந்தார்கள். பழைய கட்டில், பீரோ போட்டு வைத்திருந்த ஒரு கிடங்கை வாடகைக்குப் பிடித்து, சுவரெல்லாம் மெத்தையை நிறுத்தி வைத்து, பதிவு செய்ய ஆரம்பித்தார்கள். ஆரம்பித்த அன்றே பாடகனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கரகரத்த குரலுக்காகவே ‘சாம்பல்’ என்று பெயர் வாங்கியவன் அவன். இப்போது அந்தக் கரகரப்பும் போய் வெறும் காற்றுதான் வந்தது.

டிரம்ஸும் கிட்டாரும் வாசிக்க வேண்டுமென்றால் காதில் ஒரு பாட்டு ஓட வேண்டும். அதற்குப் பெயர் கைட். யாராவது சும்மா பாடி வைப்பார்கள், மற்றவர்கள் அதைக் கேட்டு வாசிப்பார்கள், அப்புறம் நிஜப் பாடகர் வந்து பாடியதும் அந்தக் கைட் குரலை அழித்துவிடுவார்கள். தம்பிக்கு அக்காவின் நினைப்பு வந்தது. பகல் வேலை முடித்து வீட்டுக்குக் கிளம்பியவளை வழியிலேயே மடக்கி அழைத்துக்கொண்டு போனான்.

“எனக்கென்னடா பாட்டுத் தெரியும்? எந்த பஸ் எந்த மேடைன்னு வேணா பாடறேன்.”

“வாய்க்கு வந்ததைப் பாடுக்கா. பாட்டே இன்னும் எழுதலை. எப்படியும் அழிக்கத்தானே போறோம்.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவாளரும் சொன்னார். “வீடு கட்ட சாரம் கட்டுவாங்கள்ல, அந்த மாதிரிதாங்க இது. வேலை முடிஞ்சதும் அவிழ்த்துடுவோம்.”

அன்று காலையில் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். விரிப்பை மாற்றி முடித்த கையோடு அம்மா மறுபடியும் நனைத்துவிட்டாள். மறுபடியும் மாற்றினாள். தூக்கித் திருப்பும்போது அம்மா, “உன் கை ஏண்டி இவ்வளவு முரடா இருக்கு? தம்பி கையைப் பாரு, பூ மாதிரி” என்றாள். அறிவிப்பு பதில் பேசவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது. அந்தப் பதிலை நாள் முழுக்கத் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு பேருந்துகளை அனுப்பினாள்.

காதுக்கருவியை மாட்டியதும் கிட்டார் மெதுவாக ஆரம்பித்தது. எதிரே மெத்தைச் சுவர். அவள் மைக்கின் தண்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

“இந்தப் பக்கம் படுன்னா அந்தப் பக்கம் நோகுது,
இந்தப் பக்கம் படுன்னா அந்தப் பக்கம் நோகுது,
என் கை ரெண்டும் உனக்கே போச்சு, போ, நீ போ.”

கிட்டார் பதில் சொன்னது. அவளுக்கு அது பிடித்திருந்தது. இத்தனை வருடத்தில் அவள் சொன்னதற்கு இப்படிப் பதில் யார் சொல்லியிருக்கிறார்கள்?

“கரண்டியில் தந்த தண்ணி கன்னத்தில் வழியவிட்டே,
கரண்டியில் தந்த தண்ணி கன்னத்தில் வழியவிட்டே,
நீ போனாத்தான் நான் தூங்குவேன், போ, நீ போ.”

கடைசி ‘போ’ நீண்டு, உடைந்து, நின்றது. அவள் விரலைத் தண்டிலிருந்து எடுத்தாள். எடுத்தால் மைக் நின்றுவிடும் என்பது அவளுடைய பல வருடப் பழக்கம். இந்த மைக்கில் பொத்தானே இல்லை என்பது அவளுக்குத் தோன்றவில்லை. தனக்குள்ளே ஒரு வார்த்தை முணுமுணுத்தாள். பிறகு கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, அம்மாவைத் திருப்ப நேரமாயிற்று என்று ஓடினாள். மனசு லேசாகிவிட்டது. அன்றைக்கு அம்மாவைத் தூக்கும்போது கைகூட மெதுவாகவே இருந்தது.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம். பேருந்து நிலையத்தில் நல்ல கூட்டம். அறிவிப்பு பொத்தானை அழுத்தி, “பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்று ஆரம்பித்தாள். கீழே ஒரு ஓட்டுநர் வண்டியின் வானொலியைத் திருகிச் சத்தமாக வைத்தார். இந்தப் பக்கம் படுன்னா அந்தப் பக்கம் நோகுது என்று ஒரு பெண்குரல் கிளம்பி வந்தது. வண்டியில் உட்கார்ந்திருந்த இளசுகள் கூடவே பாடினார்கள். ‘போ, நீ போ’ என்ற இடத்தில் எல்லோருமாகக் கத்தினார்கள்.

“ஐயோ, இது நான்!”

விரல் பொத்தானிலேயே இருந்தது. நிலையம் முழுவதும் ஒலிபெருக்கியில் அந்த அலறல் கேட்டது. நடைமேடையில் இருந்தவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு அம்மாள் பயந்துபோய்ப் பேருந்திலிருந்து இறங்கியே விட்டாள். அறிவிப்புக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுத்து எந்த வண்டி எந்த மேடை என்று சொன்னாளோ, அன்றைக்குச் சிலர் போகவேண்டிய ஊரை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்ச் சேர்ந்ததாகப் புகார் வந்தது.

தம்பிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டாள். அவன் சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்தான்.

“கேட்டுட்டியா? ஞாயித்துக்கிழமை வந்து சொல்லி உன்னை அசத்தலாம்னு இருந்தேன். சாம்பலுக்குத் தொண்டை சரியாகி அவன் பாடிப் பார்த்தான்கா. நாலு தடவை பாடிட்டு, என்னால இதைத் தாண்ட முடியாது, அக்கா குரலே இருக்கட்டும்னு அவனே சொல்லிட்டான். ஆல்பமே இந்தப் பாட்டாலதான் ஓடுது. உறையில ‘குரல்: அக்கா’ன்னு போட்டிருக்கோம்!”

“அழிச்சிடுவேன்னு சொன்னியேடா!”

“அதை எப்படிக்கா அழிக்க மனசு வரும்?” என்றவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். “அது சரி, யாருக்கா அந்த ஆளு? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே. உன்னை இவ்வளவு கஷ்டப்படுத்திட்டுப் போனவன் யாரு? சொல்லு, போய் ரெண்டு போடறேன்.”

அவளுக்கு ஒரு கணம் எதுவுமே புரியவில்லை. பிறகு புரிந்தது. இவனுக்கு விளங்கவே இல்லை. கரண்டித் தண்ணீர், நோகிற பக்கம், திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் இவனுக்குக் காதல் சமாச்சாரமாகக் கேட்டிருக்கிறது. குழுவில் ஒருத்தனுக்கும் விளங்கவில்லை. நாட்டில் இத்தனை பேர் கேட்டும் விளங்கவில்லை. ஒரு பக்கம் அப்பாடா என்றிருந்தது. இன்னொரு பக்கம் நம்பவே முடியவில்லை. வாரா வாரம் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்காருகிறவனுக்குமா தெரியாது?

இனி அவளுக்கு ஒரே கவலைதான். அம்மா கேட்டுவிடக்கூடாது. அம்மாவின் தலைமாட்டில் எந்நேரமும் வானொலி பாடிக்கொண்டிருக்கும். அதுதான் அவளுக்கு வெளியுலகம். அறிவிப்பு அன்று வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அதன் மின்கலத்தைக் கழற்றி அரிசி டப்பாவில் ஒளித்து வைத்தாள்.

“ரிப்பேரும்மா. கடையில குடுக்கணும்.”

“நல்லாத்தானே பாடிட்டு இருந்துது. உன் குரல் ஏன் ஒரு மாதிரியா இருக்கு?”

“ஜலதோஷம்.”

“மூக்கு அடைக்கலியே. நெஞ்சுதான் அடைச்சிருக்கு” என்றாள் அம்மா.

இந்த மாதிரி ஆளிடம் எத்தனை நாள் மறைப்பது? அறிவிப்பு வேலைக்குப் போகிற நேரத்தில் அடுத்த வீட்டுத் தையல்காரி, துணியையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு வந்து அம்மாவுக்குத் துணையாக உட்காருவாள். நல்ல மனசுக்காரி. நல்ல மனசுக்காரர்களால்தான் ஆபத்தே வருகிறது. ஒரு நாள் அறிவிப்பு வீடு திரும்பியபோது வாசலிலேயே எதிர்கொண்டு, “அம்மாவுக்குப் போன்ல உன் பாட்டைப் போட்டுக் காட்டினேன்! என்னடி, பெத்தவகிட்டகூடச் சொல்லாம வெச்சிருக்கே? மறுபடி போடு, மறுபடி போடுன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க” என்று பூரித்துப்போய்ச் சொன்னாள்.

அறிவிப்பு செருப்பைக் கழற்றக்கூட மறந்து உள்ளே போனாள். அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

“யாருடி அது?” என்றாள் அம்மா.

“எதும்மா?”

“போ, போன்னு விரட்டினியே, அந்த ஆளு.”

பொய்யைத் தம்பி முன்பே தயார் செய்து கொடுத்திருந்தான். அவள் அதை எடுத்துக்கொண்டாள். “அது... ஒருத்தன்மா. பழைய கதை.”

“அவனுக்கும் பக்கவாதமா?”

அறிவிப்பு அப்படியே நின்றாள். அழுகை வருமென்று நினைத்தாள். வரவில்லை.

“மூணு தடவை போடச் சொன்னேன்” என்றாள் அம்மா. “முதல் தடவையே உன் குரல்னு தெரிஞ்சுது. ரெண்டாவதுல என்னைத்தான் சொல்றேன்னு தெரிஞ்சுது. கிட்டார் ஓயற எடத்துல, அடியில, ஏதோ முணுமுணுன்னு கேட்டுது. அதுக்குத்தான் மூணாவது. ‘மன்னிச்சிடும்மா’ன்னு சொல்றே. எவன்கிட்டயாவது அம்மான்னு மன்னிப்புக் கேப்பாங்களா?”

அதை அவளே மறந்திருந்தாள். விரலை எடுத்தேனே, எப்படிப் பதிவானது என்று மனம் பைத்தியக்காரத்தனமாக அதையே சுற்றியது. பிறகு கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அன்னைக்கு அப்படித் தோணிச்சும்மா. தினமும் இல்ல. சில நாள் தோணும். தோணினதும் எனக்கே பயமாயிடும்.”

“தோணாதா பின்ன? நான் என்ன கல்லையா பெத்தேன்?” அம்மாவின் கண் ஓரத்தில் தண்ணீர் இறங்கியது. இறங்கிய பக்கம் அவளுக்கு உணர்ச்சியில்லாத பக்கம், அதனால் அவளுக்குத் தெரியவில்லை. “போன்னு கேட்டதும் நெஞ்சே நின்னுபோச்சு, இல்லேங்கலை. ஆனா என்னைத் தூக்கிப்போட்டது வேற. நீ ஒவ்வொரு வரி சொன்னதும் உன் தம்பி கிட்டார்ல பதில் வாசிச்சானே. அவ்வளவு அழகா வாசிச்சானே. அவனுக்குப் புரியலியா?”

“புரியலம்மா. எவனோ ஒருத்தன்னு நெனைச்சான்.”

“என் பிள்ளைக்கா?”

அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி பெரிய இனிப்புப் பெட்டியோடு வந்தான். பெரிய மைதானத்தில் கச்சேரி, அக்காதான் வந்து பாட வேண்டும், சனங்க அக்கா அக்கான்னு கத்துது என்று மூச்சு விடாமல் பேசினான். பேசிக்கொண்டே பழக்கப்படி அம்மாவின் காலடியில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்தான்.

“காலை விடு” என்றாள் அம்மா. “என்னைத் திருப்பிப் படுக்க வை.”

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் எழுந்து வந்தாள்.

“அவளைக் கூப்பிடலை. நீ செய். பூ மாதிரி கையாச்சே.”

அவன் சிரித்துக்கொண்டே எழுந்தான். எங்கே கை கொடுப்பது என்று தெரியாமல் கட்டிலைச் சுற்றி வந்தான். கடைசியில் செயலிழந்த கையையே பிடித்து இழுத்தான். அம்மா ‘ஆ’ என்று அலறினாள். பயந்து போய் விட்டுவிட்டான். அம்மா பாதி திரும்பியும் திரும்பாமலும் தலையணையில் முகம் புதைந்து கிடந்தாள்.

“என்னம்மா, எங்கம்மா வலிக்குது?”

“இந்தப் பக்கம் படுன்னா அந்தப் பக்கம் நோகுது” என்றாள் அம்மா, தலையணைக்குள்ளிருந்து.

அவன் கை அந்தரத்திலேயே நின்றது. அந்த வரிக்கு அவன் எத்தனை தடவை பதில் வாசித்திருக்கிறான்! கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, உருகி உருகி வாசித்திருக்கிறான். அக்காவைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், மேஜையில் கிடந்த கரண்டியைப் பார்த்தான்.

அறிவிப்பு குனிந்து, தோளுக்கடியில் அவன் ஒரு கையை வைத்தாள். இன்னொன்றை இடுப்புக்கடியில் வைத்தாள். “மூச்சைப் பிடிச்சுக்கோ. இப்பத் தூக்கு” என்றாள். தூக்கினான். அம்மா திரும்பினாள்.

“இன்னைக்கு இவன் இங்கதான் இருப்பான்” என்றாள் அம்மா. “கச்சேரி அன்னைக்கு யாரு என்னைப் பாத்துக்கறதுன்னு அவனே ஏற்பாடு பண்ணட்டும். நீ பாடத்தான் போறே.” பிறகு மகளைப் பார்த்தாள். “நான் போறதுக்கு இன்னும் நாளிருக்குடி. அதுவரைக்கும் நீ தூங்காமலே இருப்பியா? போ.”

அந்த வீட்டில் அந்தச் சொல்லை அம்மா சொல்லி யாரும் கேட்டதில்லை. அறிவிப்பு திடுக்கிட்டுப் போனாள்.

“என்னம்மா சொல்றே?”

“போன்னு சொன்னேன். போய்த் தூங்கு.”

அவள் அடுத்த அறைக்குப் போய்ப் பாயில் படுத்தாள். பட்டப்பகலில் படுத்து எத்தனை வருடமாயிற்று என்று தெரியவில்லை. தூக்கம் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “இப்படியாம்மா? இந்தப் பக்கமா?” என்று கேட்டுக்கொண்டிருந்தான். “மெதுவாடா, முரடா” என்று அம்மா திட்டிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டுக்கொண்டே இருந்தவள், எப்போது தூங்கினாள் என்று அவளுக்கே தெரியாது.